சலூன்காரர் வீட்டு ஆரஞ்சு மரம்

அந்தத் தெருவில் சலூன்காரர் என்றால் அவர் ஒருவர்தான். கடையில் இரண்டு நாற்காலி. ஒன்று முடி வெட்டிக்கொள்ள, இன்னொன்று காத்திருக்க. காத்திருக்கிறவரையும் அவர் சும்மா விடமாட்டார். "காது ஓரத்துல கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்குது தம்பி, பேப்பரை இறக்குங்க" என்று கத்தரியோடு போய் நிற்பார். அதற்குக் காசு கேட்கமாட்டார். கடவுள் அவருக்குப் பெரிய படிப்பைக் கொடுக்கவில்லை, சொத்தைக் கொடுக்கவில்லை. கோணலைக் கண்டால் பொறுக்காத ஒரு கண்ணைக் கொடுத்தார். அதுவும் வரம்தான். அந்த வரத்தோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று அவர் மனைவியைக் கேட்டால் சொல்வார்.

பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். அங்கே யாரோ அவர்களுக்கு முடி வெட்டுகிறார்கள். போனில் படம் வந்தால் சலூன்காரர் முதலில் கிருதாவைத்தான் பார்ப்பார். பிறகு போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார்.

வெளியே என்றால் கொல்லைப்பக்கம். மதில் சுவரை ஒட்டி ஓர் ஆரஞ்சு மரம் நின்றது. ஒட்டுக்கன்றாக வாங்கி வைத்தது. மூன்று வருஷத்தில் காய்க்கும் என்று கன்று விற்றவர் சொன்னார். ஏழு வருஷம் ஆயிற்று. எரு போட்டார்கள், புண்ணாக்குக் கரைத்து ஊற்றினார்கள். சலூன்காரர் வீட்டு அம்மா தினமும் சாமி கும்பிடும்போது, பிள்ளைகளுக்கும் தன் முழங்கால் வலிக்கும் அப்புறம், மரத்தையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். மரம் அசையவில்லை.

பார்க்க மட்டும் அப்படி ஒரு லட்சணம். மாதம் ஒரு தடவை, கடைக்கு லீவு விடும் நாளில், சலூன்காரர் ஏணி போட்டு அதற்கு முடி வெட்டுவார். பக்கத்தில் ஒட்ட வெட்டி, மேலே உருட்டி, பந்து மாதிரி நிறுத்துவார். கண்ணாடி காட்டாதது ஒன்றுதான் குறை. குளிர் விட்டதும் கிளை நுனிகளில் வெள்ளையாக ஏதோ தலைகாட்டும். வெள்ளையைக் கண்டால் நரை என்றே பழகிய கை அது. அவர் யோசிப்பதற்குள் கத்தரி முந்திக்கொள்ளும். சுவர்ப்பக்கம் மட்டும் ஏணி நுழையாது, கையும் எட்டாது. பிடரியை அப்படி விட்டதில் அவருக்கு உள்ளூர வெட்கம்தான். சுவர் மறைக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

இந்த வருஷம் வீட்டுக் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை. அந்த அம்மாவின் தம்பி பிளம்பர். வந்து கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு டேங்க் வச்சாத்தான் சரிப்படும் அக்கா. மரத்தை எடுத்தா அந்த இடம் அம்சமா இருக்கும்" என்றார்.

"ஏன் மாப்ளே, வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார் சலூன்காரர்.

"மரமா மாமா அது? நீங்க பழகிப் பார்க்கிற தலை."

மனைவி இரண்டு பேரையும் பார்த்தார். "இலையுதிர் காலம் முடியட்டும். அதுக்குள்ள ஒரு பழத்தைக் கண்ணுல காட்டினா மரம் இருக்கட்டும். இல்லேன்னா டேங்க். தண்ணியாவது வரும்" என்றார்.

அந்த மரமும் போய்விட்டால் வீட்டில் சலூன்காரர் கைக்கு ஒரு தலைகூட இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? தன்னால் ஆனதைச் செய்தார். மாதம் ஒரு தடவை வெட்டியதை இரண்டு தடவையாக்கினார். மனசு வைத்து வெட்டினால் மரமும் மனசு வைக்கும் என்று நம்பினார்.

தெருவில் மற்ற மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நின்றன. ஆரஞ்சு மரம் மட்டும் பச்சைப் பந்தாக, மழுமழுவென்று நின்றது. சொன்னபடி தம்பிக்காரர் டேப்போடு வந்தார். சுவருக்கும் மரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்க்க, டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அக்காதான் பக்கவாட்டில் நுழைந்தார். நுழைந்தவர் வெளியே வரவில்லை.

"அக்கா, மாட்டிக்கிட்டியா?"

"டேப்பைச் சுருட்டுடா."

சுவர்ப்பக்கம் கிளைகள் சீப்பே படாத தலை மாதிரி நீண்டு தொங்கின. அதற்குள்ளே காய்கள். ஒரு கூடைக்கு வரும். பாதி பச்சை, பாதி மஞ்சள். தம்பிக்காரர் எட்டி ஒன்றைப் பிடித்து இழுத்தார். காம்புப் பக்கம் தோல் கிழிந்துகொண்டு வந்தது. ஒரு சுளையை வாயில் போட்டவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அது திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சாயங்காலம் சலூன்காரர் கடையிலிருந்து வந்ததும் மனைவி அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். அவர் காய்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். முன்பக்கத்தைப் பார்த்தார். மறுபடியும் காய்களைப் பார்த்தார்.

"உங்க கை படாத இடமாப் பார்த்துக் காய்ச்சிருக்குங்க" என்றார் மனைவி, மெதுவாகத்தான்.

"தெரியுது."

"ஏழு வருஷம் பூவை வெட்டியிருக்கீங்க."

"தெரியுதுன்னு சொன்னேன்ல."

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மனுஷன் தனக்குத் தெரிந்த ஒரே நல்லதைச் செய்து, அதுவே கெடுதலாகப் போனால், சோறு எப்படி இறங்கும்?

"இன்னும் பழுக்கல. ராத்திரிக் குளிர் ஏறினா நிறம் வரும், அதுவரைக்கும் பொறுப்போம்" என்று அந்த அம்மா முடிவாகச் சொன்னார். பறித்து வைத்தால் பழுக்க அது மாங்காய் இல்லை. மரத்திலேயேதான் இனிக்க வேண்டும். டேங்கும் காத்திருந்தது. சலூன்காரர்தான் காத்திருக்கப் பட்ட பாடு. முன்பக்கம் துளிர் நாலா பக்கமும் சிலிர்த்துக்கொண்டு கிளம்பியது. தூங்கி எழுந்த பிள்ளையின் தலை மாதிரி இருந்தது. லீவு நாளன்று பொறுக்க முடியாமல் ஏணியை எடுத்துச் சாத்திவிட்டார்.

அடுப்படி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. ஓரம் மட்டும்."

"அந்த ஓரத்துலதாங்க அடுத்த வருஷப் பூ வரும்."

ஏணியின் இரண்டாம் படியில் அவர் வெகுநேரம் நின்றார். மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பிறகு இறங்கி, ஏணியை எடுத்துப்போய் மச்சினன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். "உங்ககிட்டேயே இருக்கட்டும் மாப்ளே. நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்றார். மச்சினன் சிரிக்கலாமா வேண்டாமா என்று அக்காவிடம் போனில் கேட்டுக்கொண்டார்.

குளிர் இறங்கியது. பழங்கள் நிறம் பிடித்தன. ஒருநாள் காலை, பனி காய்ந்த பிறகு, மனைவி கிளையை வளைத்துப் பிடிக்க, சலூன்காரர் கத்தரியால் காம்பை ஒட்ட நறுக்கினார். ஒரு தோல்கூடக் கிழியவில்லை. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துத்தான் கூடையில் வைத்தார். அந்த அம்மா முதல் பழத்தைச் சாமி முன்னால் வைத்துவிட்டு, இரண்டாவதை உரித்து, பாதியை அவர் கையில் கொடுத்தார்.

கொஞ்சம் புளிப்பு, நிறைய இனிப்பு.

"டேங்கைக் குளியலறைக்கு மேல வச்சுக்கலாமாம். பைப்தான் கொஞ்சம் நீளமாப் போடணுமாம்" என்றார் அந்த அம்மா, விதையைத் துப்பிவிட்டு.

"எப்ப கேட்டே?"

"காயைப் பார்த்த அன்னைக்கே."

"எங்கிட்ட சொல்லலையே?"

"சொல்லியிருந்தா ஏணி இங்கேயே இருந்திருக்கும்."

அடுத்த வேனிலில் மரம் சுவருக்கு மேலே தலைவிரிகோலமாக நின்றது. முழுக்கப் பூ. கடைக்கு வந்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, "என்னண்ணே, ஊருக்கெல்லாம் வெட்டறீங்க, உங்க வீட்டு மரம் இப்படி நிக்குதே?" என்றார்.

சலூன்காரர் அவர் கழுத்தில் துணியைச் சுற்றி இறுக்கினார்.

"வளர்க்கிறோம்" என்றார்.