காணிக்கைப் பையில் வெட்டுக்காசு

என் புருஷனை அவருடைய கூடப்பிறந்த அண்ணன் மண்வெட்டியால் அடித்துக் கொன்றான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ராஜபாளையத்துக்குத் தெற்கே, தேவதானம் போகிற வண்டிப் பாதையை ஒட்டி, அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுக் கிணறு ஒன்று இருந்தது. ஒரு நாள் அண்ணன் கமலை கட்டித் தண்ணீர் இறைப்பான். மறுநாள் தம்பி. நாங்கள் ஞானஸ்நானம் எடுத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாடு பூட்ட மாட்டேன் என்றார் என் புருஷன். அவர் முறை ஞாயிறன்று வந்தால் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவார். அதற்குப் பதிலாகத் திங்கட்கிழமையைக் கேட்பார்.

“உன் சாமிக்கு லீவுன்னா எம் பயிரு காயணுமாலே?” என்பான் அண்ணன். “ஞாத்துக்கிழமத் தண்ணியக் கெணத்துக்குள்ளயே பத்திரமா வச்சிருக்கச் சொல்லு, உன் ஏசுகிட்ட.”

ஒரு திங்கட்கிழமை என் புருஷன் போய்க் கமலையின் வடக்கயிற்றில் கை வைத்தார். அவன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அடித்தான். முதல் அடி தோளில். அடுத்தது காதுக்கு மேலே. விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. “சாவுலே, சாவுலே” என்று சொல்லிச் சொல்லி அடித்தான். நான் கத்தினேன். கத்தினது என் காதில் விழவில்லை. மண்வெட்டிச் சத்தம் மட்டும்தான் விழுந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசுபத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனோம். வழியிலேயே உயிர் போய்விட்டது. கோர்ட்டில் அவன், தம்பி கிணற்றுக் கல்லில் வழுக்கி விழுந்தான் என்றான். சாட்சி நான் ஒருத்திதான். பங்காளிப் பகை, பொம்பளை பொய் சொல்கிறாள் என்றார் அவன் வக்கீல். அவனை விட்டுவிட்டார்கள். அவன் பெண்டாட்டி மட்டும் என் சொல்லை நம்பினாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மம்சாபுரத்துக்கு, தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவேயில்லை.

அவன் அதே கிணற்றில் இறைத்தான். எனக்கு மாடு ஓட்ட ஆளில்லை. என் பங்கில் மழையை நம்பிப் பருத்தி போட்டேன். குனிந்தால் பருத்தி. நிமிர்ந்தால் அவன்.

எங்கள் பக்கத்தில் அநியாயம் பட்டவர்கள் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுவார்கள். காசு துண்டானதுபோல் செய்தவனும் துண்டாக வேண்டும் என்று அர்த்தம். நான் வேதக்காரி. காளி கோயிலுக்குப் போகக் கூடாது என்று தெரியும். அதனால் செப்புக்காசை உளியால் வெட்டி, முந்தியில் முடிந்து கொண்டுபோய், எங்கள் கோயில் காணிக்கைப் பையில் போட்டேன். தப்பென்று தோன்றவில்லை. காளியைவிடப் பெரியவர் என்றுதானே இவரிடம் வந்தோம். சீக்கிரம் செய்வார் என்று நினைத்தேன். ஞாயிறுதோறும் போட்டேன். போட்டுவிட்டுக் கண்ணை மூடி, அவன் மண்டை பிளப்பதைப் பார்ப்பேன். அதைத்தான் ஜெபம் என்று வைத்திருந்தேன்.

அப்பமும் ரசமும் கொடுக்கிற இராப்போஜனப் பந்திக்கு முந்தின சாயங்காலம் ஆயத்தக் கூட்டம் நடக்கும். பத்துக் கட்டளைகளையும் வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அவரவர் தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கொலை செய்யாதே என்கிற கட்டளை வரும்போது நான் சன்னல் வழியாகத் தெற்கே, கிணறு இருக்கிற பக்கம் பார்ப்பேன். அது அவனுக்கு உள்ளது.

ஒரு ஆயத்தக் கூட்டத்தில், எங்கள் கோயிலை நடத்துகிற உபதேசியார் வெட்டுக்காசுகளை மேசைமேல் கொட்டினார். இளவயது ஆள்.

“இது யாரு போட்டது?”

முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, “கடையில செல்லாதத ஆண்டவர் தலையில கட்டிட்டாளுக” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். “நாந்தான்.”

சிரிப்பு நின்றது. யாருக்காகப் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

“ஆண்டவர் இத வாங்கிட்டு என்னம்மா செய்யணும்?” என்றார் உபதேசியார்.

“வெட்டணும்.”

“அவரு வெட்டும்போது நீங்க?”

“பாத்துக்கிட்டு நிப்பேன்.”

அவர் வெட்டுக்காசுகளை ஒரு ஓரமாகக் கூட்டி ஒதுக்கினார். “நாளைக்குப் பந்திக்கு வராதீங்கம்மா. எனக்கு வேற சொல்லத் தெரியல.”

“கொன்னவன் வெளிய திரியுதான். எனக்கு அப்பம் கெடையாதோ?”

நான் வாசலில் துப்பிவிட்டு வந்தேன். அதோடு கோயிலுக்குப் போவதை விட்டேன்.

பருத்தி வெடித்திருந்த சமயம். உச்சிவெயில். அவன் கமலையை நிறுத்தி, ஒரு காளையை அவிழ்த்துத் தார்க்குச்சியால் குத்திக்கொண்டிருந்தான். அவன் மாட்டை அடிப்பது புதிதல்ல. அன்றைக்குக் காளை திரும்பியது. கொம்பு தொடையில் இறங்கியது. தூக்கிக் கிணற்றுக் கல்லில் அடித்தது. ஊன்றி எழப் பார்த்தான். கைகளை மிதித்தது. மறுபடி குத்தியது.

“ஏட்டி! ஏட்டி, காப்பாத்துட்டி!”

சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை. நான் பருத்திக்குள் நின்றேன். சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன். பசித்த வயிற்றில் சோறு விழுந்த மாதிரி இருந்தது. காளை பின்னுக்குப் போய்த் தலையைத் தாழ்த்தியது.

“சாவு” என்றேன். வாய்விட்டுச் சொன்னேன்.

அந்தச் சொல்லை அதே கிணற்றடியில் நான் கேட்டிருக்கிறேன். அவன் கையில் மண்வெட்டி இருந்தது. என் கையில் இல்லை. அவனுக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை காலம் நான் கும்பிட்டதும் இப்படிக் கொம்பு உள்ள ஒன்றைத்தான். அதற்கு ஏசு என்று பேர் வைத்திருந்தேன். இப்போது எழுதும்போது இது வரிசையாக வருகிறது. அப்போது என் வாயில் இருந்தது அவன் சொல் என்பது மட்டும்தான் தெரிந்தது.

இரக்கம் வரவில்லை. பருத்திச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காளையின் முகத்தில் சாக்கைப் போட்டு, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் திருகினேன். அது உதறியதில் என் விரல் ஒடிந்தது. இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது. கயிற்றைக் கமலைத் தூணில் இழுத்துக் கட்டினேன். முந்தியைக் கிழித்து அவன் தொடையில் சுற்றினேன். துணி உடனே நனைந்துவிட்டது.

பாதையில் ஒரு பருத்தி வண்டி வந்தது. மறித்தேன். வண்டிக்காரன் இறங்கி வந்து குனிந்து பார்த்தான்.

“யக்கா, இவன்தான உங்க வீட்டுக்காரர...”

“ஆமா. காலப் பிடி.”

“கெடந்து சாவட்டும்னு விடாம நீங்க என்னக்கா...”

“காலப் பிடிலே!”

ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அவன் தொடையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தேன். விரலிடுக்கில் சூடாக வந்துகொண்டேயிருந்தது. கையை எடுத்தால் போதும். யாரும் கேட்க மாட்டார்கள். வழி முழுவதும் அது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

பாதி வழியில் கண் திறந்தான். “நீயா கொண்டுபோற?”

“பேசாதிரும்.”

“கொல்லத்தான் கொண்டுபோறியா?”

“கொல்லதுன்னா அங்கனயே விட்டிருப்பேன். சும்மா கெடயும்.”

ஆசுபத்திரியில் தையல் போட்டார்கள். மிதிபட்ட கைகள் இரண்டிலும் மட்டை வைத்துக் கட்டினார்கள். “ஊட்டிவிடக் கூட ஒரு ஆள் இருக்கணும்” என்றார் கம்பவுண்டர். மம்சாபுரத்தில் இருந்த அவன் பெண்டாட்டிக்குச் சொல்லி அனுப்பினேன். வர முடியாது என்று பதில் வந்தது. அவள்மேல் தப்புச் சொல்ல மாட்டேன்.

நான் இருந்தேன்.

உபதேசியார் கேள்விப்பட்டு வந்தார். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். “அடுத்த பந்திக்கு வாங்கம்மா” என்றார்.

“இவன் சாவணும்னுதான் ஐயா இன்னும் இருக்கு.”

அவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“கட்டள வாசிக்கையில இனிமே சன்னலப் பாக்க மாட்டேன்,” என்றேன். “அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும்.”

“அம்புட்டோட வாங்க” என்றார். ஜெபம் பண்ணினார். போய்விட்டார்.

கம்பவுண்டர் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். நான் கரண்டியில் எடுத்து நீட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தான். விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்கியது. அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“சுடுது” என்றான்.

அடுத்த கரண்டியை ஊதிக் கொடுத்தேன்.