புல்லுக்கு நெருப்பு வைத்தவன் நான்

அக்கா! உன்னைக் கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கூப்பிடுகிறேன்.

பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து மாட்டுப்பண்ணை ஒன்று. அதன் முதலாளி மாடுகளை விற்றுவிட்டு, நிலத்தைப் பறவைகளுக்கென்று விட்டுவிட்டார். புல் முழங்காலுக்கு மேல் நின்றது. முள்செடி வெட்டவும், ஆடுமாடு உள்ளே வராமல் பார்க்கவும் நீ அங்கே வேலைக்குப் போனாய்.

"இன்னாக்கா, புல்லுக்குக் காவலா? அது எங்க ஓடிப்போவப் போவுது?" என்று கிண்டல் செய்தேன்.

"உன்ன மாரி மாடு உள்ள வராம இருக்கத்தாண்டா" என்றாய்.

சித்திரை வெயிலில் முள் வெட்டி உன் கையெல்லாம் கீறல். ஒருநாள் நீ சோறு தின்னப் போன நேரத்தில், காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்தேன். கோடைமழைக்கு முன் நம் ஊரில் எல்லோரும் செய்வதுதானே. பழையது எரிந்தால் பச்சை துளிர்க்கும். உனக்கு வேலை குறையும் என்று நினைத்தேன். காற்று திரும்பிவிட்டது. அந்தப் புல்லுக்குள்தான் கௌதாரிகள் முட்டை வைத்திருந்தன. ஒரு கௌதாரி முட்டைமேல் உட்கார்ந்தபடியே கருகியிருந்தது.

"யார் வச்ச நெருப்பு?" என்று முதலாளி கேட்டார். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"நான்தாங்கய்யா. தெரியாம வெச்சிட்டேன்" என்றாய் நீ. அன்றே வேலை போனது.

வரும் வழியில் நான் அழுதேன். "வுடுடா. உன்ன போலீஸ்ல புடிச்சிக் குடுத்துட்டா இன்னா பண்றது? வூட்ல சொல்லாத" என்றாய்.

நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "பாவந்தான். ஆனா அத்தினி உசுர கொளுத்துனாளே, அது சும்மா வுடுமா?" என்றாள். என் கையில் சாம்பார் வாளி. அவள் இலையில் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன். நெருப்பு வைத்ததைவிட அதுதான் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

போன வாரம் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "இத அவ இருக்கச்சயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். ஊரிலும் சொல்லிப் பார்த்தேன். செத்தவள் பேரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்கிறார்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்களே, என் அக்கா ஒரு உயிரையும் கொளுத்தவில்லை. எனக்காக ஒன்றும் கேட்க வேண்டாம். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அவளுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.