உருளை வைத்த டிரெய்லர்

கணவர் இடுப்பு வலியோடு படுத்த பிறகு, ஏரியில் மீன் பிடிக்கும் அக்கா அலுமினியப் படகைத் தனியாக இறக்க வேண்டியிருந்தது. படகு பலகைமேல் உட்காரும் பழைய டிரெய்லரில், ஒருத்தி தள்ளினால் அது அசையாது.

வெல்டிங் பட்டறை வைத்திருந்த தம்பி, "பலகைக்குப் பதிலா உருளை போட்டா வழுக்கிட்டுப் போகும்க்கா. ஆனா உருளை அழுத்துற இடத்துல படகோட தகடு நசுங்கும்" என்றான்.

"பரவாயில்ல, போடு."

முதல் நாளே, பழைய பழக்கத்தில், கரைச்சரிவின் மேலேயே, படகை டிரெய்லரோடு பிடித்திருந்த கொக்கியைக் கழற்றிவிட்டாள். படகு உருளையில் தானே வழுக்கி, சரிவின் சிமெண்டில் விழுந்து அடி நசுங்கியது.

"உன்னை விட்டுட்டு அதுவே கிளம்பிடுச்சா? மறுபடி பலகையே மாட்டிடவா?" என்றான் தம்பி.

"வாயை மூடிட்டுத் தகட்டைத் தட்டுடா. இனிமே தண்ணிக்குப் போய்க் கொக்கியைக் கழட்டிக்கறேன்."

மறுநாள் டிரெய்லரின் சக்கரம் தண்ணீரில் நனைந்த பிறகே கழற்றினாள். ஒரு கையால் தள்ளியதும் படகு இறங்கியது. வலையோடு ஏறிக்கொண்டாள்.