தற்செயலாகக் காலிக் கோட்டையில்

காலிக் கோட்டையைப் பார்க்கப் போவோம் என்று என் மனைவி சொன்னபோது நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். இருபத்தெட்டு வருடத் திருமண வாழ்க்கையில் அவள் வெயிலுக்குள் தானாக இறங்கிய சந்தர்ப்பங்கள் இரண்டு வகைதான்: கோயில் தேர், புடவைக் கடையின் மலிவு விற்பனை. கோட்டை மதிலில் இரண்டும் கிடையாது.

"என்ன திடீரெண்டு?" என்றேன்.

"திடீரெண்டோ? கட்டின நாளிலயிருந்து கேக்கிறன். போயா தினம், மூண்டு பேருக்கும் லீவு. விடியப் போனா பின்னேரம் வந்திடலாம்."

மூன்று பேர் என்று சொன்ன இடத்தில் எனக்குச் சந்தேகம் பிடித்தது. மூன்றாவது ஆள் எங்கள் மகள். கலியாண வயது. அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு பொது இடத்துக்குப் போவது கொழும்பில் அவ்வளவு வெள்ளையான காரியமில்லை.

விளக்கிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் இங்கே பெண் பார்ப்பதில்லை. தற்செயலாகச் சந்திக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கோயில் வீதியில், பம்பலப்பிட்டியில் ஒரு துணிக்கடையில், இரண்டு குடும்பங்கள் எதிர்ப்பட்டு "அட, நீங்களும் வந்தியளோ" என்று ஆச்சரியப்படும். ஒரு வாரமாகத் தொலைபேசியில் ஒழுங்கு செய்த ஆச்சரியம். பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை, சொன்னால் முகம் இயல்பாக இராதாம். எதற்காக வந்தோம் என்பதைப் பெரியவர்களும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் அவமானமில்லை, ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை.

போன வருடம் எங்களுக்கும் அப்படி ஒன்றும் நடக்காமல் போனது. கோயிலில் வைரவர் சந்நிதியடியில் என் மகளை ஒரு குடும்பம் மூன்று முறை சுற்றி வந்தது. வைரவரைத்தான் சுற்றுகிறார்கள் என்று நினைத்து அவள் வழிவிட்டு நின்றாள். இரண்டு வாரம் கழித்து, "பிள்ளை உயரம் கூடிப்போச்சாம்" என்று புரோக்கர் சொன்னது எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது.

"அவை பாத்தது பிரச்சினையில்லை அப்பா," என்றாள். "நீங்கள் ரெண்டு பேரும் தெரிஞ்சுகொண்டு பக்கத்தில நிண்டனீங்கள். இன்னொருக்கா இப்பிடி நடந்தா நான் தனிய அறை எடுத்துக்கொண்டு போயிடுவன்."

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். விடையைக் கண்டுபிடித்த பிறகுதான் வாய் திறப்பாள். நான் பயந்துபோய் வாக்குக் கொடுத்தேன்: "உனக்குத் தெரியாம இனி ஒருத்தரும் உன்னைப் பாக்க வரமாட்டினம். இது என்ர பொறுப்பு." என் வாழ்க்கையில் நான் கொடுத்த வாக்குகளில் இன்னும் உடையாமல் இருந்தது அது ஒன்றுதான். அதற்கு வயது பதினொரு மாதம்.

ஆகவே மனைவியைக் கண்காணிக்கத் தொடங்கினேன். முதல் நாள் இரவு மகளிடம், "அந்த நீலப் பஞ்சாபியைப் போடு பிள்ளை," என்றாள். குறித்துக்கொண்டேன். விடியற்காலையில் தேநீர் நிரப்பிய சுடுதண்ணிப் போத்தலையும் பிளாஸ்டிக் கோப்பைகளையும் பைக்குள் வைத்தாள். எண்ணினேன். ஆறு கோப்பை. நாங்கள் மூன்று பேர்.

சந்தேகப்படுவதை நான் முறையாகக் கற்றவன். இளமையில், யுத்த காலத்தில், காலி வீதியின் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். எந்தக் கண்ணால் அவர்கள் என் மத்தியானச் சாப்பாட்டைப் பார்த்தார்களோ, அந்தக் கண்ணால் அன்று நான் என் மனைவியின் பையைப் பார்த்தேன்.

பம்பலப்பிட்டியில் ரயில் ஏறினோம். பௌர்ணமிப் போயா தினக் கூட்டம். களுத்துறை வரைக்கும் நின்றுகொண்டே போனோம். நின்றதால் நோட்டம் விட வசதியாக இருந்தது. மடிப்புக் குலையாத சட்டை போட்ட ஓர் இளைஞன் அடிக்கடி எங்கள் பக்கம் திரும்பினான். அவனை அம்பலாங்கொடை வரை விடாமல் முறைத்துக்கொண்டு போனேன். ஹிக்கடுவையில் இறங்கி, மேடையில் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிப்பிடித்தான். பட்டியலில் ஒரு பெயரை அடித்தேன்.

காலிக் கோட்டை போர்த்துக்கேயர் தொடக்கி, ஒல்லாந்தர் கட்டி முடித்து, ஆங்கிலேயர் சண்டையில்லாமல் வாங்கிக்கொண்டது. இந்தக் கடைசி வகையைத்தான் எங்கள் ஆட்கள் நல்ல சம்பந்தம் என்பார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மதிலில் ஏறிக் கடலோரமாக நடந்தோம். மதிலின் மூலைக்கு மூலை ஒரு குடை; குடைக்குக் கீழே நான்கு கால்கள். யாரும் பார்க்கக்கூடாது என்று இத்தனை பேர் வந்திருக்கும் இடத்தில், என் மகளைப் பார்க்க ஒரு குடும்பம் எங்கேயோ காத்துக்கொண்டிருந்தது. மகள் எங்களுக்கு முன்னால் ஒரு வறுத்த கச்சான் பொட்டலத்தோடு நடந்தாள். மனைவி கடலைப் படம் எடுத்தாள். அவளுடைய நடிப்பை நான் உள்ளுக்குள் பாராட்டினேன்.

வெளிச்சவீட்டடியில் அவர்களைக் கண்டேன். ஒரு தகப்பன், ஒரு தாய், தொப்பி போட்ட ஒரு மகன். தாய் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். காலியில், மத்தியானம் பதினொன்றரைக்கு, உப்புக் காற்றில், பட்டு. தகப்பன் கை மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். மகன் ஒன்றையும் பார்க்கவில்லை, அலுத்துப்போய் நின்றான்.

மனைவி வாய் திறக்க முதல் முந்திக்கொள்வது என்று முடிவெடுத்தேன். சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் திருத்தமாக எழுதிக்கொண்டேன்: ‘ஐயா, குறை நினைக்காதேங்கோ, என்ர மகளுக்குத் தெரியாம இது நடக்காது.’ நேராக அவரிடம் போனேன். அவர் கையை நீட்டினார். நீட்டிய கையை என்ன செய்வது? பிடித்தேன்.

"வெள்ளவத்தைதானே?" என்றார்.

"ஓம். நீங்கள்?"

"கொட்டாஞ்சேனை. சனத்துக்குள்ள எப்பிடிக் கண்டுபிடிக்கிறதெண்டு யோசிச்சனான். தமிழ் ஆக்களைப் பாத்தாத் தெரியுந்தானே, வெளிச்சவீட்டடியில நில்லுங்கோ எண்டு நடுவில நிக்கிறவர் சொன்னவர்." குரலைத் தாழ்த்தினார். "மகனுக்கு ஒண்டும் சொல்லேல்ல. கோட்டை பாக்க வந்ததெண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறான். உங்கட பக்கம்?"

என் வசனத்துக்குரிய இடம் இதுதான். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "பிள்ளை நல்ல அடக்கம் போல," என்றார்.

தகவல் பிழையாக இருந்தால் எனக்குத் தாங்காது. "அடக்கமெண்டு சொல்லேலாது," என்றேன். "கெட்டிக்காரி."

அங்கிருந்து வழுக்கியது. என் மகளைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கேட்பவர்கள் குறைவு, ஆகவே பயிற்சியுமில்லை. மூன்றாம் வகுப்பில் ஆசிரியையின் கணக்கைத் திருத்தியதில் தொடங்கினேன். வீட்டில் என்னைத் திருத்துவது வரை வந்தேன். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். தொலைபேசி இலக்கம் கேட்டார், அதையும் சொல்லி, அவருடையதையும் பதிந்துகொண்டேன்.

எங்களுக்குப் பின்னால் காரியங்கள் தாமாக நடந்தன. பட்டுச் சேலைத் தாய் என் மகளிடம், "பிள்ளை, எங்களை ஒரு படம் எடுத்து விடுறீங்களோ?" என்று கேட்டாள். அவள் எடுக்கும்போது காற்று அந்தப் பையனின் தொப்பியைக் கொண்டு போனது. இருவரும் மதிலோரமாக அதன் பின்னால் ஓடினார்கள். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார்கள். என் மனைவி சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். ஆறு கோப்பையும் நிரம்பின. வழக்கு நிரூபணமாயிற்று.

"எந்த ஆஸ்பத்திரியில பிள்ளை வேலை?" என்று அந்தத் தாய் என் மகளைக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியோ? நான் கணக்கு டீச்சர், அன்ரி."

கொட்டாஞ்சேனைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டொக்டர் எண்டெல்லோ சொன்னவர்?"

"ஆர் சொன்னது?"

"புரோக்கர்தான்."

"எங்களுக்கு இப்ப புரோக்கரே இல்லையே," என்றாள் என் மனைவி.

முதலில் கொட்டாஞ்சேனைக்காரருக்கு விளங்கியது. இவர்கள் காத்திருந்தது வெள்ளவத்தையிலிருந்து வரும் வேறொரு குடும்பத்துக்கு, ஒரு டொக்டர் பெண்ணுக்கு. அடுத்து அவருடைய மகனுக்கு விளங்கியது. "அம்மா, இதுக்கோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்றான். தாய் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். தகப்பன் மிச்சத் தேநீரையும் குடித்து முடித்து, கோப்பையை மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டு, டொக்டரைத் தேடிக் குடும்பத்தோடு வெளிச்சவீட்டின் மறுபக்கம் போனார்.

என் மகள் தாயைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு திரும்பி ரயில் நிலையத்தை நோக்கி நடந்தாள்.

"நான் நீங்கள்தான் ஒழுங்கு பண்ணினதெண்டு நினைச்சன்," என்று மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "நேரப் போய்க் கை குடுத்தியள். நட்சத்திரம் சொன்னியள், எனக்குக் கேட்டது."

"அப்ப அந்த ஆறு கோப்பை?"

"ஆறையும் அடுக்கினாத்தான் கோப்பைப் பெட்டியின்ர மூடி பூட்டும். எத்தினை வருசமா அந்த வீட்டில இருக்கிறியள்?"

"நீலப் பஞ்சாபி?"

"கடலுக்கு முன்னால படத்தில வடிவா விழும். இஞ்சருங்கோ, உங்களுக்கு மண்டை சரியில்லையோ?"

திரும்பும் ரயிலில் மகள் ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய பை இருந்தது. எதிரே மனைவி. நான் நின்றேன். அவளை ஒருவரும் ஒளித்துப் பார்த்துவிடக்கூடாது என்று அதிகாலையிலிருந்து காவல் காத்தவன், நானே போய் ஒரு முன்பின் தெரியாத குடும்பத்தின் கையைப் பிடித்து, நட்சத்திரத்தோடு சேர்த்து அவளைக் காட்டிவிட்டேன். அதை அவளிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். கோப்பை எண்ணியதையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் அவள் பேசிவிடுவாள் என்ற பயத்தில் இரண்டு தரம் சொன்னேன்.

"அறை ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன் அப்பா," என்றாள், கடலைப் பார்த்தபடி.

"எப்ப?"

"போன மாசம். நாளைக்குப் பதில் சொல்லவேணும்."

இந்த ஒன்றை மட்டும் நான் சந்தேகிக்கவேயில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

பலப்பிட்டி தாண்டும்போது என் தொலைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனைக்காரர். திரையை மகளிடம் காட்டினேன். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அண்ணை, அந்த ஆக்கள் வரேல்ல," என்றார் அவர். "நாங்களும் இப்ப வெளிக்கிடுறம். மிஸிஸுக்கு உங்கட பிள்ளையைப் பிடிச்சுப்போச்சு. டொக்டரெண்டுதான் வேணுமெண்டுமில்லை. பிள்ளைக்குத் தெரியவேண்டாம், சாதகக் குறிப்பை மட்டும் ஒருக்கா அனுப்பி விடுங்கோவன்."

"பிள்ளை பக்கத்திலதான் இருக்கிறா," என்றேன். "நீங்கள் கதைக்கிறது அவவுக்குக் கேக்குது. அவவையே கேளுங்கோ. நான் இதில பதில் சொல்லுற ஆளில்லை."

ஒரு பெண்ணை நேரடியாகக் கேட்கும் நிலைமை அவருக்கு அதுவரை வந்திருக்காது. எனக்கும் வந்ததில்லை.

"சிக்னல் சரியில்லைப் போல," என்றார். குரல் கோயில் மணி மாதிரித் தெளிவாகக் கேட்டது. தொடர்பு துண்டிக்கப்பட்டது.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து குனிந்து பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். பையை எடுத்து மடியில் வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்த மாசம் வேண்டாமெண்டு சொல்லுறன்," என்றாள். "அடுத்த மாசம் தெரியாது. சந்தேகம் வந்தா கோப்பை எண்ணாம என்னட்டக் கேளுங்கோ."

"இப்ப கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"தொப்பிக்குப் பின்னால ஓடேக்க அந்தப் பிள்ளையோட என்ன கதைச்சனீ?"

"தொப்பியைப் பற்றித்தான்."

"அவ்வளவும் தொப்பியோ? திரும்பி வர ஐஞ்சு நிமிசம் எடுத்தது."

"அப்பா."

"சரி, சரி," என்றேன். அவள் சொன்னதை அப்படியே நம்பினேன். பாணந்துறை வரைக்கும் நம்பினேன்.