எண்பதில் ஓடிய புள்ளி

ஜெராக்ஸ் அக்காவுக்கு எதைக் கண்டாலும் லேமினேஷன் போட்டுவிட வேண்டும். மார்க் ஷீட்டில் தொடங்கி, வீட்டுச் சாவி எந்த ஆணியில் தொங்க வேண்டும் என்ற குறிப்பு வரைக்கும் அவள் கடையில் பிளாஸ்டிக்குக்குள் போய்விடும். "என்னையும் ஒருநாள் அந்த மெஷின்ல விட்டு எடுத்துடுவா" என்பார் அவள் வீட்டுக்காரர். அவர் முப்பத்தோரு வருஷம் ஒரே கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். மேலே, கீழே, மேலே, கீழே, அதுதான் பிழைப்பு. ஓய்வு பெற்ற மறுவாரமே, "இனிமே நேராப் போகப்போறேன்" என்று ஒரு சைக்கிளை வாங்கி நிறுத்திவிட்டார். நாற்பது நாளில் கடல் வரைக்கும் போய்த் திரும்புவதாகத் திட்டமாம்!

அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். மூன்று நாள் பேச்சுவார்த்தை கிடையாது. நாலாம் நாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவர் எங்கே இருக்கிறார் என்பது நீலப் புள்ளியாக அவள் போனில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

"புள்ளி அணைஞ்சுது, அன்னிக்கே வண்டி புடிச்சு வந்து காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்துடுவேன், ஆமா!"

சொன்னதோடு விடுவாளா? பெயர், ரத்த வகை, 'மனைவி' என்று போட்டுத் தன் நம்பர், எல்லாவற்றையும் தீப்பெட்டி அளவு அட்டையில் அச்சடித்து லேமினேட் பண்ணினாள். அவர் போனின் கறுப்பு உறையைக் கழற்றி, உள்ளே அட்டையை வைத்து மூடினாள்.

புறப்படும்போது மனிதர் பெரிய ஏற்பாட்டோடுதான் போனார். முன்சக்கரத்தில் டைனமோ, பின்னால் சோலார் பலகை, பையில் செங்கல் கனத்துக்கு ஒரு பவர் பேங்க். டைனமோ வேகமாக மிதித்தால்தான் சார்ஜ் கொடுக்கும், மேடு வந்தால் முறுக்கிக்கொள்ளும். சோலார் பலகைக்கு மேகம் ஆகாது. பவர் பேங்க் ஐந்தாம் நாள் மழையில் நனைந்து உயிரை விட்டது. அதற்கப்புறம் பிளக் பாயின்ட் தேடி அலைவதே அவருக்கு வேலையாகிவிட்டது. ஊர் ஊராய்ப் போய் அவர் பார்த்ததெல்லாம் சுவர்களின் அடிப்பக்கத்தைத்தான். முடிவெட்டும் கடை, பஞ்சர் கடை, மருந்துக் கடை, எங்கேயும் கூச்சப்படாமல் நுழைந்து, "ஒரு அரை மணி நேரம் சொருகிக்கட்டுமா?" என்று கேட்கப் பழகிவிட்டார்.

ராத்திரி பேசும்போது அக்கா முதலில் கேட்பது ஒன்றுதான்.

"எத்தனை பர்சன்ட் இருக்கு?"

அவள் தம்பிக்கே பொறுக்கவில்லை. "ஏன்க்கா, மாமா சாப்பிட்டாரான்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"போடா. போன் உயிரோட இருந்தா அவரும் நல்லாயிருக்காருன்னுதான் அர்த்தம்."

இருபத்து மூன்றாம் நாள். காலை பதினோரு மணிக்கு ஒரு வாத்தியார் தடிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து நகல் கேட்டார். பக்கம் திருப்பும் கையோடு போனைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற புள்ளி எண்பதில் பறந்துகொண்டிருந்தது.

"அட கள்ளா! லாரியில ஏறிட்டாருங்க!" என்று வாத்தியாரிடம் காட்டிச் சிரித்தாள். மாட்டினாரா இல்லையா! போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. சைக்கிள்காரன் மானத்தை வாங்குவதற்கு என்னென்ன கேட்கலாம் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே பக்கங்களைத் திருப்பினாள்.

புள்ளி ஒரு வளைவில் நின்றது. அரை மணி நேரம் அசையவில்லை. பிறகு அதைவிட வேகமாக ஓடி, ஒரு ஊருக்குள் நுழைந்து நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி. அவள் மறுபடி கூப்பிடப் போகும்போதே அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு பெண் குரல்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"

வாத்தியார் இருந்தார். அவர்தான் அவளைப் பிடித்து உட்கார வைத்தார். லாரி கவிழ்ந்துவிட்டதாம். போன் உறைக்குள் இருந்த அட்டையைப் பார்த்துக் கூப்பிட்டார்களாம். கொண்டுவரும்போதே உயிர் இல்லையாம்.

தம்பி வண்டியை எடுத்தான். நாலு மணி நேரப் பயணம். அக்கா அழவில்லை. மடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். புள்ளி அணையவே இல்லை, பளிச்சென்று இருந்தது. பாவி, இதைத்தானே கேட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். இருபத்து மூன்று நாளில் ஒருநாளாவது சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் போனில் பேசிய நர்ஸே வந்து துணியை விலக்கினாள். துணிக்கு அடியில் கிடந்தவனுக்கு முப்பது வயசு இருக்கும். கறுகறுவென்று தாடி. நெற்றியில் ஒரு வெட்டு.

அக்கா குனிந்து முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்புறம், "இவரில்ல! டேய், உங்க மாமா இல்லடா! யாரோ!" என்று கத்தினாள். சிரித்தாள். நர்ஸின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். பிணத்தை வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அப்பாடா, நீதானா? உன் நம்பர்ல ரெண்டு எண்ணு எனக்கு எப்பவும் இடம் மாறிப்போகுது. பதினோரு பேர்கிட்ட திட்டு வாங்கிட்டு இப்பதான் உன்னைப் புடிச்சேன். இது பஞ்சர் கடைக்காரர் போன்."

அவர் குரலேதான். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விம்மி விம்மி அழுதாள். அவரோ பொரிந்து தள்ளினார்.

"காலையில இங்கதான் போனை சொருகிட்டு, பின்பக்கம் கை கழுவப் போனேன். ஒரு லாரி டிரைவர் அவன் போனையும் பக்கத்துல சொருகியிருக்கான். அதுவும் கறுப்பு உறை. சொருகின கையோட கரன்ட் போயிடுச்சு. கடையே இருட்டு. அவசரக்காரன், என்னுதைப் புடுங்கிட்டுப் போயிட்டான். திரும்பி வருவான்னு உட்கார்ந்திருக்கேன். நீ திட்டாதே, புள்ளி அணைஞ்சதுக்கு நான் பொறுப்பில்ல."

"புள்ளி அணையலங்க" என்றாள் அக்கா. உள்ளே கிடக்கிறவன் யார் என்று இப்போதுதான் உறைத்தது.

"இப்பதான் கரன்ட் வந்துது. அவன் போன் உயிர் வந்ததுல இருந்து ஓயாம அடிக்குது. 'வீடு'ன்னு வருது. பாவம், வீட்ல தேடறாங்க போல. எடுத்து, உங்க ஆளு போனை மாத்தி எடுத்துட்டாருன்னு சொல்லிடட்டுமா?"

"ஐயோ, இருங்க..."

அதற்குள் எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருப்பார் போலிருக்கிறது. ஒரு இளம் பெண்ணின் குரல், கோபமும் செல்லமுமாய், அக்கா காதில் தெளிவாக விழுந்தது.

"எத்தனை தடவைங்க கூப்பிடறது? சார்ஜ் போடுங்க, சார்ஜ் போடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன், கேட்கறீங்களா? இப்ப எத்தனை பர்சன்ட் இருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே, "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசாதீங்க" என்றாள் அக்கா. அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் அடங்கிவிட்டார். "ரெண்டு போனையும் ஒண்ணா வைங்க. நான் பேசணும்."

"ஹலோ? யாரு பேசறது? அவர் எங்க?" என்றது அந்தக் குரல்.

அக்கா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் வாசலில் நின்றிருந்தாள். சற்று முன் இவள் பிடித்துக் குலுக்கிய கைகளைக் கட்டிக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"