பாஸ் வரிசை

கடலூரில் குத்தகைக்குத் தியேட்டர் நடத்தும் தேவநாதனுக்கு, டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவன் எல்லாம் திருடன். வராதவன் அதைவிடப் பெரிய திருடன். வீட்டில் மல்லாந்துகொண்டு போனிலேயே படத்தை முடித்துவிடுகிறான். வெள்ளிக்கிழமை நிறைகிற நாற்காலிகள் ஞாயிறன்றே பல்லிளிப்பது அந்தப் போனால்தான் என்று அவர் அடித்துச் சொல்வார்.

அதனால் ஒவ்வொரு காட்சியிலும் டார்ச்சோடு ரோந்து. குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஒருவர் மாத்திரை தேடப் போன் வெளிச்சம் போட்டதற்கு, தேவநாதன் அந்த ஆளின் மடியையே சோதித்தார். அவர் போட்ட சத்தத்தில் திரையிலிருந்த வில்லனே அடங்கிப்போனான்.

டார்ச் போகாத இடம் ஒன்றுதான். கடைசியில் இருக்கும் பாஸ் வரிசை. ஓசியில் பார்க்கும் சொந்தக்காரர்களுக்கானது. நம்மாளையே சோதித்தால் நன்றாகவா இருக்கும்?

புதுப்படம் வந்த மூன்றாம் நாளே கூட்டம் படுத்துவிட்டது. சிதம்பரத்திலிருந்து விநியோகஸ்தரின் ஆள் ஸ்ரீதர் வந்து போனை நீட்டினான். அதில் படத்தின் கிளைமாக்ஸ் முழுதாக ஓடியது. கதாநாயகன் அழப்போகும் நேரம், திரைக்குக் குறுக்கே ஒரு வழுக்கைத் தலையும் டார்ச்சும். கூடவே ஒரு குரல்: "டேய், போனை உள்ள வையிடா! ஒடைச்சிப்புடுவேன்!"

தேவநாதனின் தலை. தேவநாதனின் குரல்.

"ஹீரோவவிட உங்களுக்குத்தாண்ணே லைக்கு ஜாஸ்தி," என்றான் ஸ்ரீதர், சிரிக்காமல். "எடுத்தவன் யாருன்னு சொல்லுங்க, போலீசுல குடுத்துடுவோம். சொல்லலன்னா தீபாவளிப் படம் உங்களுக்குக் கெடையாது. சிதம்பரத்துக்குத்தான்."

தீபாவளிப் படம் இல்லையென்றால் குத்தகையும் இல்லை. கட்டடத்தைக் கல்யாண மண்டபமாக்க உரிமையாளர் காத்திருக்கிறார்.

தேவநாதன் மறுபடி ஓட்டிப் பார்த்தார். தன் தலை முன்னால் தெரிகிறது. எடுத்தவன் பின்னால் இருந்திருக்கிறான். பின்னால் இருந்தது பாஸ் வரிசை. இந்த மூன்று நாளில் அதில் உட்கார்ந்தது ஒரே ஆள், மனைவி பவானியின் தம்பி இளவரசு.

வீட்டுக்குப் போனதும் பிடித்துக்கொண்டார். "நீயாடா மாப்ள?"

"விக்கவா எடுத்தேன் மாமா? அக்காதான் கிளைமாக்ஸ் என்னா, கிளைமாக்ஸ் என்னான்னு நச்சரிச்சுது. அதுக்கு மட்டுந்தான் அனுப்புனேன்."

பவானி அடுப்படியிலிருந்து வந்தாள். "நான் எங்க மகளிர் குழு வாட்ஸப்புலதாங்க போட்டேன். எல்லாம் நம்ம பொம்பளைங்கதான?"

"தியேட்டருக்கே வந்து பாத்தா என்னாடி?"

"எப்பக் கூப்ட்டீங்க? முதலாளி பொண்டாட்டி கூட்டத்துல உக்காந்தா நல்லாருக்காதுன்னு யாரு சொன்னது?"

அக்காளும் தம்பியும் சேர்ந்து கதை கட்டுகிறார்களோ என்று இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்ரீதரின் அழைப்பு வந்தது. இளவரசு மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"இருட்டுல எவன்னே தெரியலப்பா," என்றார் தேவநாதன். இத்தனை சின்னக் குரல் அவரிடம் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

தீபாவளிப் படம் சிதம்பரம் போனது. அவர் தியேட்டர் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டார். படம் வந்த இரண்டாம் நாள் பவானியைச் சிதம்பரம் பஸ்ஸில் கூட்டிப்போய், அதே படத்துக்கு டிக்கெட் எடுத்து உட்கார வைத்தார். விளக்கு அணைந்ததிலிருந்து பின்வரிசைப் பக்கமே அவர் கழுத்து திரும்பிக்கொண்டிருந்தது.

"யாரும் எடுக்கலைங்க, படத்தப் பாருங்க."

"மொதல்ல உன் போனைக் குடு."

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவள் சிரித்தபோது மட்டும், எதற்குச் சிரிக்கிறாள் என்று திரையைப் பார்த்தார்.