விறைப்பக்கா குத்திய விரிப்பு

எங்கள் சலவைக்கடையில் அவளை விறைப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். சட்டைக் காலரை அப்படித் தேய்ப்பாள். ஆளும் அப்படித்தான், யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டாள். என் இஸ்திரி மேசைக்குப் பக்கத்து மேசை அவளுடையது. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை இருவரும் வெறும் சிமெண்டுத் தரையில் நின்றபடியே தேய்க்க வேண்டும்.

முட்டி வீங்கிப்போய், காலுக்கடியில் போட ஒரு விரிப்பு வேண்டுமென்று முதலாளியிடம் கேட்டாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"நிக்க முடியலன்னா வீட்டுல உக்காந்துக்கலாமேம்மா."

வேண்டுமானால் நீங்களே கொண்டுவந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார், ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு இந்த வேலையை விட்டால் மகள் வீடுதான் கதி. மருமகன் கையை எதிர்பார்த்து உட்காருவதைவிட ஒற்றைக்காலில் நிற்பேன் என்பாள்.

கடையில் ஒன்று வாங்கிவிடலாமே என்றேன். "நீயே போட்டுக்கோன்னு சொன்னாருல்ல, நானே செஞ்சு போடுறேன்" என்றாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

கம்பளி குத்துகிற ஊசி ஒன்றை மகள் வாங்கித் தந்தாள். மரப்பிடி போட்ட தடித்த ஊசி, நடுவே குழல். அதற்குள் நூல் ஓடும். மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணியில் குத்தக் குத்த, அடிப்பக்கம் வளையம் வளையமாக நூல் எழும்பும். நாம் பார்த்துக்கொண்டிருப்பது விரிப்பின் முதுகு, முகம் கீழே இருக்கும்.

போன் வீடியோவில் சொல்லித்தருகிற பெண் சும்மா குத்திக்கொண்டே போனாள். அக்காவுக்கு வரவில்லை. நூல் தொய்வாக ஓடினால்தான் வளையம் நிற்கும். ஆயுசு முழுக்கச் சுருக்கம் எடுத்த கைக்குத் தொய்வைக் கண்டாலே ஆகாது. நூலை இழுத்து இழுத்துப் பிடித்தாள். ஊசியைத் தூக்கும்போதெல்லாம் வளையமும் கூடவே வெளியே வந்தது. கடைசியில் நூல்கண்டைப் பார்க்காமலிருக்க, அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குத்தினாள்.

ஒருவழியாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு முடித்து, வேலைக்குக் கொண்டுவந்து காட்டினாள். சட்டத்திலிருந்து பிரித்த துணி கசங்கியிருந்தது. பேசிக்கொண்டே, கைப்பழக்கத்தில், வளையப்பக்கத்தை மேலே திருப்பிப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஓர் அழுத்து அழுத்திவிட்டாள். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து எடுத்த நூல், பாதிக்குப் பாதி நைலான். அத்தனை வளையமும் உருகித் தகடாக ஒட்டிக்கொண்டது. கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"சிரிச்சாச்சா? வேலையப் பாருங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். மறுநாளே புதுத் துணி கட்டிவிட்டாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலை, பச்சையும் மெரூனுமாகப் பட்டை போட்ட விரிப்பைச் சுருட்டித் தோளில் சுமந்து வந்தாள். வாசலிலேயே முதலாளி வாங்கிப் பிரித்தார். அழகாக இருக்கிறது, கடைக்கு லட்சணம் என்று சொல்லி, வாடிக்கையாளர்கள் நிற்கிற இடத்தில் தானே விரித்தும் விட்டார். வாடிக்கையாளர் ஒருத்தர் ஷூவோடு அதன்மேல் ஏறி நின்று பாராட்டினார்.

அக்கா அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். குனிந்து விரிப்பைச் சுருட்டிக்கொண்டு முதலாளியைப் பார்த்தாள்.

"என் முட்டி வலிக்குதுன்னு நான் செஞ்சது சார். உங்களுக்கு முட்டி வலிச்சா சொல்லுங்க, ஒண்ணு செஞ்சு தரேன்."

வேலை வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. யோசித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

மேசையடியில் விரித்தபோதுதான் பார்த்தேன். விரிப்பு அவள் மேசையோடு நிற்காமல் என் மேசைவரைக்கும் நீண்டு கிடந்தது.

"ஏறு" என்றாள்.

முதலாளி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துரத்துவதென்றால் இனி இரண்டு பேரைத் துரத்தட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.